தலைமாட்டுத் தாள்

டெங்குக் காய்ச்சலில் மிக ஆபத்தான நேரம் காய்ச்சல் விட்ட பிறகுதான் தொடங்குகிறது. மூன்று நான்கு நாள் அனலாய்க் கொதித்த பிள்ளைக்கு ஒரு காலையில் சூடு இறங்கும். "இண்டைக்குத் துண்டு வெட்டுவாங்களா, மிஸ்?" என்று தாய் கேட்பார். தாதி அப்போதுதான் கூடுதல் விழிப்போடு இருப்பார். நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் கசியத் தொடங்கும் கட்டம் அது. 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அதற்குள் ஏற்றும் சேலைன் குறைந்தாலும் உயிராபத்து, கூடினாலும் உயிராபத்து. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்கும் சேர்த்து இலங்கையின் சிகிச்சை வழிகாட்டி வைத்திருக்கும் அளவு 4600 மில்லி லீற்றர். குடிப்பதும் இதற்குள் அடக்கம்.

வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்ததும் மட்டக்களப்பு வாவியோரத்தில் டெங்கு தலைதூக்குவது வழக்கம். அமிர்தகழியில் ஒரு பிள்ளைக்கு அது வந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வாட்டில் மறித்துவிடுவார்கள். பிள்ளையின் கட்டிலோடு ஒரு கட்டுத் தாள் சேர்ந்துகொள்ளும். வைத்தியசாலைக்காரர் அதை 'பெட் ஹெட் டிக்கட்' என்பார்கள், சுருக்கமாக 'டிக்கட்'. அதற்குள் டெங்குக் கண்காணிப்புத் தாள் ஒன்று இருக்கும். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

தாளின் குறுக்கே மணித்தியாலங்கள். ஒவ்வொரு மணிக்கும் நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், விரல் நுனியை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப எடுக்கும் நேரம், போன சிறுநீரின் அளவு. சில மணிக்கு ஒருமுறை இரத்தத்தின் செறிவு. அழுத்தத்தில் மேலெண், கீழெண் என இரண்டு உண்டல்லவா, இரண்டுக்கும் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். 110க்கு 70 என்றால் இடைவெளி 40. கசிவு கூடக் கூட, உடம்பு குழாய்களை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்கும், கீழெண் ஏறும். 100க்கு 80 என்று வந்து நிற்கும்போது, மேலெண்ணை மட்டும் பார்ப்பவருக்குப் பயப்பட எதுவும் தெரியாது. ஆனால் இடைவெளி 20 ஆகிவிட்டது. அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. அதே நேரத்தில் செறிவு 38இலிருந்து 46க்குப் போயிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

தாளில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று நெருங்கி வருவது வாட்டின் நடுவே நடந்து போகிறவரின் கண்ணிலும் படும். இரவுக் கடமைக்கு வந்த தாதி, விடிய வரும் பயிற்சி வைத்தியர், சுற்றுக்கு வரும் நிபுணர் எல்லோரும் ஒரே தாளைத்தான் பார்க்கிறார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டுச் சொல்லாமலேயே விஷயம் போய்ச் சேர்கிறது.

இனி அந்த எண்களைக் கணினியில் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். எழுத்து தெளிவாக இருக்கும், தாள் தொலையாது. ஆனால் நாடித் துடிப்பு ஒரு திரையில், ஆய்வுகூட முடிவு இன்னொரு திரையில், சிறுநீர்க் கணக்கு மூன்றாவதில் என்று போனால் இரண்டு கோடுகள் நெருங்குவதை யார் காண்பது? வாட்டுக்கு இரண்டே கணினி, அவையும் தாதியர் மேசையில் என்றால், கட்டிலருகே அளந்த எண்ணைத் தாதி எங்கே எழுதுவார்? ஒரு துண்டுக் கடதாசியில், அல்லது உள்ளங்கையில். வேலை முடியும் நேரத்தில் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார். நிர்வாகத்தின் அறிக்கையில் இதற்கு 'ஊழியர் ஒத்துழைப்பின்மை' என்று பெயர் விழும். அந்தப் பெயர் தவறு என்பதே என் எண்ணம். மின்னணு மருத்துவப் பதிவேட்டை ஊழியர் எங்கெல்லாம் சுற்றிக் கடந்து போகிறார்களோ, அங்கெல்லாம் பழைய தாள் வெளியே தெரியாமல் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அது என்ன வேலை என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை நெடுங்காலத்துக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்க சமூகவியலாளர் ஹரோல்ட் கார்ஃபிங்கல் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு மனநல வெளிநோயாளர் கிளினிக்கின் கோப்புகளை ஆராய்ச்சிக்காகப் புரட்டினார். அவை அரைகுறையாக இருந்தன. கட்டங்கள் வெறுமையாக, குறிப்புகள் சுருக்கமாக, வெளியாளுக்கு விளங்காதபடி. அலட்சியம் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. 1967இல் வெளிவந்த நூலில், மோசமான கிளினிக் பதிவுகளுக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன என்று வாதிட்டார். கோப்பை எழுதுபவர், அந்த நோயாளியையும் அந்த இடத்தையும் ஏற்கெனவே அறிந்த சக ஊழியருக்காக எழுதுகிறார். பின்னொரு நாள் கேள்வி எழுந்தால், செய்ய வேண்டியதைச் செய்தோம் என்று காட்டவும் எழுதுகிறார். புள்ளிவிபரம் சேர்ப்பவருக்காக அது எழுதப்படவில்லை.

அடுத்த ஆண்டே, 1968இல், லோரன்ஸ் வீட் என்ற வைத்தியர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். வைத்தியரின் குறிப்பு ஒழுங்கற்றுக் கிடந்தால் சிந்தனையும் ஒழுங்கற்றுப் போகும், ஒவ்வொரு நோயாளிக்கும் பிரச்சினைப் பட்டியல் ஒன்று வேண்டும், ஒவ்வொரு குறிப்பும் அதில் ஒரு பிரச்சினையைச் சார்ந்து நிற்க வேண்டும் என்றார். கணினி அதற்குக் கைகொடுக்கும் என்று அப்போதே நம்பினார். இன்றைய மின்னணுப் பதிவேடுகளின் எலும்புக்கூட்டில் வீட் இருக்கிறார். கார்ஃபிங்கல் சொன்னதைக் கேட்டு வடிவமைத்தவர்கள் குறைவு.

கேளாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பிட்ஸ்பர்க் சிறுவர் வைத்தியசாலையைப் பார்க்க வேண்டும். 2002 ஒக்டோபரில் அங்கே மருந்துக் கட்டளைகளை வைத்தியர்களே கணினியில் இடும் முறை வந்தது. முழு வைத்தியசாலையும் ஆறே நாளில் மாறியது. வேறு வைத்தியசாலைகளிலிருந்து அவசரமாக மாற்றப்பட்டு வந்த பிள்ளைகளின் இறப்பு வீதத்தை 18 மாத காலத்துக்கு எடுத்துப் பார்த்தார்கள். முறை வருமுன் 1394 பிள்ளைகளில் 39 பேர், அதாவது 2.80 சதவீதம். வந்த பின் 548 பேரில் 36 பேர், 6.57 சதவீதம். 2005இல் இந்த ஆய்வு வெளியானபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது.

மென்பொருள் தப்பான மருந்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. வேலையின் வரிசைதான் குலைந்தது. முன்பெல்லாம் அம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே தொலைபேசியில் விபரம் கேட்டு, கட்டளை எழுதி, மருந்தைத் தயாராக எடுத்து வைப்பார்கள். புதிய முறையிலோ பிள்ளை வந்து சேர்ந்து, பெயர் பதிவான பிறகுதான் கட்டளை இட முடிந்தது. சில வினாடியில் எழுதி முடிந்த கட்டளைக்குப் பல சொடுக்குகள் தேவைப்பட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவின் அலுமாரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மருந்துகள் மத்திய மருந்தகத்துக்குப் போய்விட்டன. கட்டிலருகே நின்ற வைத்தியரில் ஒருவர் கணினிக்கு முன்னால் போய் உட்கார வேண்டியதாயிற்று. வாழைச்சேனையிலிருந்தோ களுவாஞ்சிகுடியிலிருந்தோ ஒரு பிள்ளையை அம்புலன்ஸில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பும்போது முன்கூட்டிப் போகும் அந்தத் தொலைபேசி அழைப்பை எண்ணிப் பாருங்கள். எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

சியாட்டில் சிறுவர் வைத்தியசாலை அதே மென்பொருளைப் பின்னர் வாங்கியது. பிட்ஸ்பர்க்கின் பட்டறிவைக் கேட்டறிந்து, அடிக்கடி வரும் நிலைமைகளுக்கான கட்டளைத் தொகுப்புகளை முன்னரே ஆயத்தம் செய்த பிறகே அதை இயக்கியது. அங்கே இறப்பு கூடவில்லை என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த இரண்டு ஆய்வையும் சேர்த்து வாசிக்காமல் ஒன்றை மட்டும் தூக்கிப் பிடிப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். கணினி கொல்லும் என்பாருக்கு முதலாவது போதும், ஊழியர்தான் பிற்போக்கு என்பாருக்கு இரண்டாவது போதும்.

இப்போது இலங்கைக்கு வருவோம். இங்கே மருத்துவப் பதிவுக்கென ஒரு நீண்ட மரபு இருக்கிறது. நோயாளி வீடு திரும்பியதும் டிக்கட் பதிவறைக்குப் போகும். அங்கே மருத்துவப் பதிவு உத்தியோகத்தர் அதை வாசித்து, நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் குறியீட்டைக் கொடுத்து, கொழும்புக்கு அனுப்பும் கணக்கில் சேர்ப்பார். இந்தக் கணக்கு இன்று இணையவழியில் போகிறது. வெளிநோயாளர் பிரிவுக்கும் வாட்டுக்குமான திறந்த மூல மென்பொருள்களும் நாட்டின் பல வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. கம்பஹா மாவட்டத்தின் டொம்பே வைத்தியசாலையைக் காகிதமில்லா வைத்தியசாலைக்கு முன்மாதிரியாக அரசின் தகவல் தொழில்நுட்ப முகவரகம் எடுத்துச் செய்தது. பட்டைக்குறி அட்டையோடு வரும் நோயாளியின் பழைய விபரம் வைத்தியரின் திரையில் விரிந்தது, மருந்துச் சீட்டு மருந்தகத்தின் திரைக்கே போனது. வெளிநோயாளர் பிரிவில் இது எடுபட்டதற்குக் காரணம் உண்டு. அங்கே வேலை நேர்கோட்டில் நடக்கிறது: பதிவு, வைத்தியர், மருந்தகம். ஒரு நோயாளிக்கு ஒரு நேரத்தில் ஒரு ஊழியர். வாட்டில் அப்படியில்லை. ஒரு கட்டிலைச் சுற்றி ஆறு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள்.

கணினியறிஞர் ஜொனதன் குரூடின் 1988இல் ஒரு கேள்வியை முன்வைத்தார். பலர் சேர்ந்து பயன்படுத்துவதற்கென்று செய்த மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன? கூடுதல் வேலையைச் செய்பவர் ஒருவராகவும், அதனால் பயன் பெறுபவர் இன்னொருவராகவும் இருப்பது முக்கிய காரணம் என்று கண்டார். வைத்தியசாலைக்கு இது அச்சொட்டாகப் பொருந்தும். தட்டச்சு செய்வது தாதியும் பயிற்சி வைத்தியரும். அட்டவணையைப் பார்ப்பது பணிப்பாளரும் அமைச்சும். 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று 57 வைத்தியர்களைப் பின்தொடர்ந்து நேரம் குறித்தது. நோயாளியோடு நேரில் கழிந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் போயிருந்தது. இங்கேயோ பெரும்பாலும் இரட்டை வேலை. டிக்கட் சட்டத்துக்குத் தேவை. நீதிமன்றம் கேட்டால் வழக்கமாகக் கையொப்பமிட்ட தாளைத்தான் காட்டுவார்கள். ஆகவே தாளிலும் எழுத வேண்டும், திரையிலும் ஏற்ற வேண்டும். இரண்டையும் செய்யச் சொல்லிவிட்டு, கணினியை விரும்பவில்லை என்று தாதியைக் குறைசொல்வது நியாயமில்லை.

பயன் திரும்பி வந்தால் நிலைமை மாறுகிறது. இதற்கும் டெங்கே நல்ல சாட்சி. தொற்றுநோய் என்று சந்தேகித்தாலே அறிவிக்க வேண்டும் என்பது 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் காலத்திலிருந்து வரும் கடமை. எச் 544 என்ற படிவத்தை வாட்டில் நிரப்பி, நோயாளி வசிக்கும் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடிப் போவார். படிவம் தபாலில் போகும் நாள்களைக் கணக்கிடுங்கள். டெங்கு வைரசை உறிஞ்சிய நுளம்பு அடுத்தவருக்கு அதைக் கடத்தத் தயாராக 8 முதல் 12 நாள் எடுக்கும். அந்த நாள்களுக்குள் பரிசோதகர் அமிர்தகழியின் அந்த ஒழுங்கைக்குப் போய், கிணற்றடி வாளி, தென்னங்கோம்பை, கூரைப்பீலி என்று பார்த்துத் துப்புரவு செய்வித்தால் அயல்வீட்டுப் பிள்ளை தப்பும். தபாலில் நான்கு நாள் போனால் பாதி வாய்ப்புப் போய்விடும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டபோது இந்தத் தாமதத்தின் விலை எல்லோருக்கும் புரிந்தது. டெங்குக்கென்று உள்ள மின்னணு அறிவித்தலில் பெயரும் முகவரியும் அன்றைக்கே பரிசோதகரைச் சேரக்கூடும். தட்டச்சு செய்பவருக்கு அதன் முடிவு தெரிந்தால், அதே தெருவிலிருந்து அடுத்த காய்ச்சல் வராதிருப்பதைக் கண்ணால் கண்டால், அந்தத் தட்டச்சு பாரமாக இராது.

2020 ஜனவரியில் கொவிட் வந்தபோதும் இப்படியொன்று நடந்தது. நாட்டின் முதல் நோயாளி அம்மாதம் 27ஆம் திகதி அடையாளம் காணப்பட்டார். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பிறந்த திறந்த மூல சுகாதாரத் தகவல் மென்பொருளொன்றைச் சுகாதார அமைச்சும் உள்ளூர் வல்லுநர்களும் அந்த நாள்களிலேயே திருத்தி, விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து பின்தொடரும் கருவியாக்கினார்கள். பின்னர் பல பத்து நாடுகள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டன. அந்த மென்பொருள் நம் சுகாதார ஊழியருக்கு முன்பே பழக்கமானது. தாய் சேய் நலக் கணக்குகளுக்கு அதைப் பாவித்துவந்தார்கள். திருத்தியவர்களில் வைத்தியர்களும் இருந்தார்கள். வைத்தியர்களுக்கே மருத்துவத் தகவலியலில் பட்டப்பின் பயிற்சி கொடுக்கும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஏற்பாடு இந்த இடத்தில் பெரிய பலன் தந்தது. வாட்டின் மணம் தெரிந்தவர் எழுதும் மென்பொருள் வேறு மாதிரித்தான் இருக்கும்.

பெயர் விவகாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் பக்கத்தில் மின்பதிவு இடறுவது பெரும்பாலும் இங்கேதான். பதிவுகள் ஆங்கில எழுத்தில். சிவலிங்கம் என்ற பெயரை 'எஸ்'இல் தொடங்கியும் எழுதலாம், 'சி'யில் தொடங்கியும் எழுதலாம், நடுவே 'எச்' போட்டும் எழுதலாம். முகம்மது என்பதற்கு இன்னும் கூடுதலான வடிவங்கள். கல்யாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்தோடு கிளினிக்குக்கு வந்த பெண், பின்னர் கணவனின் பெயரோடு வருவார். தேசிய அடையாள அட்டை எண்ணை வைத்துத் தேடலாமே என்றால், 2016க்கு முந்திய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், பிந்தியதில் பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு அட்டையே இல்லை. வரிசையில் நூறு பேர் நிற்க, பதிவுக் கருமபீடத்தில் இருப்பவர் பழைய பதிவைத் தேடிக் களைத்து 'புதிய நோயாளி' என்ற பொத்தானை அழுத்திவிடுவார். அந்த நொடியில் ஒரு மனிதர் இரண்டாகிறார். பென்சிலின் ஒவ்வாமை ஒரு பதிவில், இன்றைய மருந்துச் சீட்டு மற்றதில். தனிநபர் சுகாதார எண் என்ற ஏற்பாடு இதற்காகவே வந்தது. ஆனால் அந்த எண்ணுள்ள அட்டையை நோயாளி வீட்டில் விட்டுவிட்டு வரும் நாளில் மறுபடியும் சிவலிங்கத்தைத்தான் தேட வேண்டும். தமிழ் ஒலிக்கு ஏற்றபடி தேடித் தரும் வழியை மென்பொருளுக்குள் வைப்பது கடினமான காரியமில்லை. கேட்க ஆளில்லாததால்தான் அது பல இடங்களில் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் நோயாளியின் கையிலுள்ள கிளினிக் கொப்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. நீரிழிவு, பிரஷர் என்று மாதாமாதம் கிளினிக்குக்குப் போகும் அமிர்தகழி அம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, மருந்துச் சரைகளோடு வைத்திருப்பார். ஆங்கிலத்தில் எழுதியது அவருக்கு விளங்காது, ஆனால் அது தன்னுடையது என்பது தெரியும். தனியார் வைத்தியரிடம் போனாலும், கொழும்புக்கு மகளிடம் போனாலும் கொப்பி கூடவே போகும். எந்த மின்வலைப்பின்னலும் நம் நாட்டில் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றபோதும் கொப்பி திறந்தது. ஆனால் 2004 டிசம்பர் 26இல் நாவலடியிலும் கல்லடியிலும் வீடுகளைக் கடல் கொண்டுபோனபோது கொப்பிகளும் போயின. உயிர் தப்பியவர்கள் எந்த மருந்தை எவ்வளவு போட்டோம் என்று ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மின்பதிவு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவதற்கு அந்த ஒரு நாள் போதும். கொப்பியை ஒழித்துவிட்டுத்தான் அது வரவேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சிட்டுக் கொப்பிக்குள் ஒட்டிக் கொடுக்கலாம்.

ஊழியர் மனதில் இருக்கும், ஆனால் கூட்டங்களில் அதிகம் பேசாத ஒரு தயக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மட்டக்களப்பு எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமோ அயலோ ஆன ஊர். மனநல கிளினிக்குக்கு வரும் பெண்ணின் மைத்துனி இன்னொரு வாட்டில் வேலை செய்யக்கூடும். தாளில் எழுதிய கோப்பு கிளினிக்கின் அலுமாரிக்குள் இருக்கும். திரையில் ஏறியது எந்த வாட்டிலிருந்தும் திறக்குமோ என்ற பயம் தாதிக்கு உண்டு. அதனால் சில விடயங்களை அவர் எழுதாமலே விடுவார். கார்ஃபிங்கல் கண்ட வெற்றுக் கட்டங்களில் சில இப்படியும் உண்டாகியிருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகக் கொள்கிறது. யார், எப்போது, எந்தப் பதிவைத் திறந்தார் என்பதைக் கணினி தானே குறித்துவைக்கும், தாளால் அது முடியாது. ஆனால் காலையில் ஒரு வைத்தியர் கடவுச்சொல் போட்டுத் திறந்த திரையில் மாலை வரை எட்டுப் பேர் வேலை செய்தால் அந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை. கடவுச்சொல்லைப் பகிராதே என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் இது நிற்காது. ஒவ்வொரு தடவையும் வெளியேறி உள்நுழைய ஒரு நிமிடம் போனால், டெங்கு வாட்டில் மணிக்கொரு தடவை எண் பதியும் தாதிக்கு அந்த நிமிடம் கிடையாது. அடையாள அட்டையைத் தொட்டதும் அவரவர் பக்கம் திறக்கும் கருவிகள் வேறு நாடுகளின் வைத்தியசாலைகளில் வெகுநாளாகப் பாவனையில் இருக்கின்றன. வாட்டுக்கு மூன்றாவது கணினி வாங்குமுன் அந்தக் கருவியை வாங்கலாம்.